சிறப்புக் கருவிகளைச் சிக்கனமாகத் தேடிக்கொள்ளும் முறை

சொந்தக் காரின் எஞ்சினைத் தாமே பழுதுபார்க்க விரும்புகிறவர், ரிங் ஸ்பானரும் பாக்ஸ் செட்டும் திருப்புளியும் கொறடும் சுத்தியலுமாகிய பொதுக் கருவிகளை வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, மானிஃபோல்டுகளைக் கழற்றி, ஹெட்டைத் தூக்கி மேஜைமேல் வைக்கிற வரைக்கும் பெரும்பாலும் சிரமமின்றிப் போய்விடுவார். அதற்கப்பால்தான், வால்வை எடுக்க ஒரு கருவி, கிராங்க் புல்லியை இழுக்க ஒரு கருவி, பிஸ்டன் ரிங்கை அடக்கிச் சிலிண்டருக்குள் இறக்க ஒரு கருவி, திரும்ப ஹெட்டைப் பூட்டும்போது எவ்வளவு இறுக்கினோமென்று காட்ட ஒரு கருவி என்று, ஆயுளில் இரண்டொரு தடவைக்கு மேல் கையில் எடுக்க வேண்டிய அவசியமே நேராத சாமான்கள் வரிசையாக வந்து வழிமறிக்கின்றன. எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதென்றால், வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவே குறைவென்று தோன்றிவிடும். எதுவுமே வேண்டாமென்று உளியையும் சுத்தியலையும் கொண்டு சமாளிக்கப் புகுந்தாலோ, வால்வைப் பூட்டி நிறுத்துகிற, அற்ப விலையுள்ள ஒரு காட்டரைக் கழற்றப்போய் ஹெட்டையே கெடுத்துக்கொள்ள நேரிடும். இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் மார்க்கத்தை விவரிப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்றிருக்கிறது. அது, உங்கள் வண்டிக்குரிய சர்வீஸ் மானுவலைச் சம்பாதித்து, அதில் நீங்கள் செய்யப்போகிற வேலைக்குரிய பகுதியை ஆதியோடந்தமாக ஒருமுறை வாசிப்பது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சிறப்புக் கருவிகளுக்கு எண் கொடுத்திருக்கும். மாருதி வண்டிகளின் மானுவலில் 099 என்று தொடங்கும் சுசூகி எண்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவதைக் காணலாம். இந்த எண்களைக் கண்டு மலைத்துப்போகாமல், ஒவ்வொரு கருவியின் படத்தையும் நிதானமாகப் பார்த்து, இது எதைத் தொடுகிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது, எதை அசையாமல் நிறுத்துகிறது என்று கேட்டுக்கொண்டு வந்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரு தகடும் ஒரு திருகும் சேர்ந்தவையே என்பது விளங்கும். எண்ணைச் சொல்லிக் கருவி தேடுகிறவருக்குக் கம்பெனி விலைதான் கிடைக்கும். அந்தக் கருவி செய்கிற காரியத்தைச் சொல்லித் தேடுகிறவருக்கு வேறு பல வழிகள் திறக்கும்.

எஞ்சின் வேலைக்கான சிறப்புக் கருவிகளை நான் இரண்டு வகுப்பாகப் பிரித்து வைத்துக்கொள்வது வழக்கம். அளந்து சொல்பவை ஒரு வகுப்பு. அழுத்துவது, இழுப்பது, பிடித்து நிறுத்துவது ஆகிய தொழிலைச் செய்பவை மற்றொரு வகுப்பு. இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த கருவி மட்டமானதாக இருந்தால், அது நம் கண்ணெதிரிலேயே வளையும், நழுவும், மறை தேயும். தன் குறையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். முதல் வகுப்பைச் சேர்ந்ததோ, தவறான அளவைச் சொல்லிவிட்டு மௌனமாக இருக்கும். அந்தத் தவறு, எஞ்சினைப் பூட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, கேஸ்கெட் புகைந்தோ பேரிங் தட்டியோதான் வெளிப்படும். ஆகையால், கையிலுள்ள பணத்தை அளக்கும் கருவிகளில் போடுங்கள் என்றும், மற்றவற்றைப் பழையதாக வாங்கவோ, செய்துகொள்ளவோ, இரவல் பெறவோ முயலுங்கள் என்றும் சொல்வேன். இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தேடும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய உதிரிபாகங்களுக்குப் பெயர்போன ஜி.பி. ரோட்டில், அதாவது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், கருவிக் கடைகளும் இடையிடையே உண்டு. பாரிமுனையை ஒட்டிய தெருக்களில் இரும்புச் சாமான் வியாபாரிகளிடம் நாசிக்கின் டப்பாரியா முதல் ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடித்து வருகிற சிறு கம்பெனிச் சரக்கு வரை கிடைக்கிறது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில், எஞ்சின்கள் குவிந்து கிடக்கிற கடைகளின் உட்புறத்தில், அந்த எஞ்சின்களைப் பிரிக்கவென்றே அவர்கள் செய்து வைத்துக்கொண்ட கருவிகளும் இருக்கும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வேறொரு பாக்கியம் வாய்த்திருக்கிறது. பம்பும் மோட்டாரும் நெசவாலை யந்திரங்களும் செய்து பழகிய அந்த ஊரின் பீளமேடு, கணபதி வட்டாரங்களில், காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினால் அதை இரும்பில் கடைந்து கொடுக்கக்கூடிய சிறு லேத் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. அவ்வூரில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டியே யந்திரக் கலையைத் தாமாகக் கற்றுக்கொண்ட ஜி. டி. நாயுடு வாழ்ந்தார் என்பதை, இந்த நூலை வாசிப்பவர்கள் உற்சாகத்துக்காகவேனும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் இருப்பவர்கள், காயலான் கடையையும் பஸ் ஸ்டாண்டை அடுத்த டிராக்டர் பட்டறையையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். புல்லர்களும் பெரிய பாக்ஸ்களும் அங்கேதான் மலிவாக அகப்படும்.

கேட்கும் முறையும் முக்கியம். புதுப்பேட்டைக் கடை ஒன்றில் போய் நின்று, “வால்வு ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இருக்கிறதா?” என்று விசாரித்தால், இல்லை என்ற ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் பதிலாக வரும். “அண்ணே, மாருதி எண்ணூறு ஹெட்டு இறக்கி வச்சிருக்கேன், வால்வு கழட்டணும், உங்ககிட்ட எதை வச்சுக் கழட்டுறீங்க?” என்று கேட்டால், கடையில் வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்துவரச் சொல்வார்கள், விலைக்குக் கொடுக்க மனமில்லாவிட்டாலும், அதன் அமைப்பை நீங்கள் கையில் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம், சில இடங்களில் ஹெட்டையே கொண்டுவரச் சொல்லி ஒரு சிறு கூலிக்கு வால்வைக் கழற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

பழைய கருவியை வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. பையில் புதிய 10, 12, 14 மில்லிமீட்டர் போல்ட்டுகளைப் போட்டுக்கொண்டு போய், ஸ்பானரின் வாயிலும் பாக்ஸின் உள்ளும் அவற்றைப் பொருத்தி ஆட்டிப் பாருங்கள். வாய் விரிந்த ஸ்பானர் அங்கேயே தெரிந்துவிடும். பாக்ஸின் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது அவசியம். பன்னிரண்டு முனை பாக்ஸைக் காட்டிலும் ஆறு முனை பாக்ஸ், துருப்பிடித்த போல்ட்டின் தலையை மழுக்காமல் பிடிக்கும். அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டிஷ் வம்சாவளியைச் சேர்ந்ததாகையால், அதன் நட்டுகளும் போல்ட்டுகளும் அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. அரை அங்குலமென்பது 12.7 மில்லிமீட்டர், அதன்மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுப் பலங்கொண்டமட்டும் திருப்பினால் மூலைகள் மழுங்கியே தீரும். புதிய வண்டிகளுக்கு அங்குல ஸ்பானர்கள் உதவாதென்பதால் அவற்றைக் கேட்பார் அருகிவிட்டார்கள். அந்தக் காரணத்தாலேயே பிரிட்டூல், கெடோர் முதலிய உயர்தரப் பழைய கருவிகள் எப்போதேனும் கண்ணில் படும்போது நியாயமான விலைக்குப் படிந்துவிடுகின்றன.

இனி, பணம் போட வேண்டிய கருவிகளில் பிரதான ஸ்தானம் வகிக்கும் டார்க் ரெஞ்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று தவணைகளாக, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறுக்குவதில்தான் கேஸ்கெட்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது; அந்த அளவைக் கைப்பழக்கத்தால் உணர்கிறேன் என்று சொல்லும் முதிர்ந்த மெக்கானிக்குகளின் கைத்திறமையை நான் மதிக்கிறேன், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்பானர் பிடிக்கிற நமக்கு அந்தக் கை வாய்க்காது. கடையில் இரண்டு ஜாதி டார்க் ரெஞ்சுகள் கிடைக்கும். ஒன்று, நீண்ட கம்பியின் முனையில் முள்ளும் அளவுத்தட்டும் கொண்ட பழைய மாதிரி. மற்றொன்று, அளவைத் திருகி வைத்துவிட்டு இறுக்கினால் அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சொடுக்கும் மாதிரி. முள் மாதிரி பார்வைக்கு எளியது, கிரயமும் சொற்பம். அதில் தளர்ந்துபோவதற்கு உள் ஸ்பிரிங் ஏதுமில்லை, முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் லேசாக வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இடுக்கான இடத்தில் தலையைச் சாய்த்து முள்ளைப் பார்க்க முடியாதென்பது ஒன்றே அதன் குறை. முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். கிளிக் மாதிரியைப் பழையதாக வாங்குவது மட்டும் கூடாது. முன்னால் வைத்திருந்தவர் அதைக் கொண்டு எத்தனை துருப்பிடித்த நட்டுகளைத் தளர்த்தினார் என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

எந்த மாதிரியாக இருந்தாலும், வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிட்டு உபயோகிப்பது நலம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கவ்வி, கைப்பிடி தரைக்கு இணையாக நிற்கும்படி செய்து, மளிகைக்கடைக்காரரிடமிருந்து முத்திரை குத்திய பத்து கிலோ எடைக்கல் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வந்து, அதைக் கயிற்றில் கட்டி, சதுர முனையின் மையத்திலிருந்து சரியாக 40 சென்டிமீட்டரில் வருகிற கைப்பிடி பாகத்தில் மெல்லத் தொங்கவிடுங்கள். பத்து கிலோவை 0.4 மீட்டரால் பெருக்க, 4 கிலோ-மீட்டர் என்று வரும். நியூட்டன்-மீட்டர் கணக்கில் இது ஏறக்குறைய 39. முள் மாதிரியானால் முள் அந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். கிளிக் மாதிரியானால், அளவை 35-இல் வைத்தபோது எடையை விட்டதும் சொடுக்க வேண்டும், 46-இல் வைத்தபோது சொடுக்காமல் தாங்க வேண்டும். ரெஞ்சின் சொந்த எடையும் கணக்கில் சிறிது சேருமாகையால் இது நுட்பமான பரிசோதனையல்ல. ஆயினும், நம்பத் தகாத ரெஞ்சை இனங்கண்டு ஒதுக்கிவிட இது போதும். மானுவலில் அடி-பவுண்டு கணக்கு இருந்தால், ஏழேகால் அடி-பவுண்டை ஒரு கிலோ-மீட்டராக வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில், ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கிய பிறகு மேலும் 90 டிகிரி திருப்பு என்று மானுவல் சொல்லும். அந்த டிகிரியை அளப்பதற்கென்று தனியாக ஒரு கருவியும் விற்கிறார்கள். அதை வாங்க வேண்டியதில்லை. போல்ட்டுத் தலையின் ஒரு முனையிலும், அதற்கு நேரே பாக்ஸின் விளிம்பிலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, அது கால்வட்டம் நகரும்வரை திருப்பினால் தீர்ந்தது. இப்படித் திருப்பி இறுக்கும் போல்ட்டுகள் ஒருமுறை நீண்டு கொடுத்தவையாகையால், மானுவல் புதிது போடச் சொன்னால் புதிதே போடுங்கள். கருவியில் மிச்சம்பிடித்த காசு இந்த இடத்துக்குத்தான்.

அடுத்தது கம்ப்ரெஷன் கேஜ். எஞ்சினைப் பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே பதில் சொல்கிற கருவியாகையால், சிறப்புக் கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது இதுதானென்பது என் அபிப்பிராயம். ரப்பர் முனையைப் பிளக் துவாரத்தில் அழுத்திப் பிடிக்கும் மாதிரியை விட்டு, மறையிட்டுத் திருகும் முனையுள்ளதையே கேட்டு வாங்குங்கள். எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 150 முதல் 180 பவுண்டு வரை காட்டும். கம்ப்ரெஷன் விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களில் இன்னும் குறையும். மொத்த அளவைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடியும் சோதித்து, அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை என்று கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறதென்று பெரும்பாலும் நம்பலாம். டீசல் எஞ்சினில் இந்தக் கேஜை மாட்டவே கூடாது. அங்கே அழுத்தம் மிகவும் அதிகம்.

வாக்யூம் கேஜை மோட்டார்க் கடையில் வாங்குவதற்குப் பதிலாக, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் உபயோகிக்கும் நீல நிற லோ சைடு கேஜை விசாரித்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 30 அங்குலம் வரை அது வாக்யூமைக் காட்டும். எஞ்சினுக்குத் தேவையானதும் அதுவே. கடல் மட்டத்தில் ஐடிலில் ஓடும் நல்ல எஞ்சின் 17-க்கும் 21-க்கும் இடையில் முள்ளை ஆடாமல் நிறுத்தும். ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையுமாகையால், 7,000 அடிக்கு மேல் இருக்கிற உதகமண்டலத்தில் அதே எஞ்சின் 12 காட்டினால் அங்குள்ள நண்பர்கள் கலவரப்பட வேண்டியதில்லை.

ஃபீலர் கேஜ் விலை சொற்பமே, புதிதாகவே வாங்கிவிடுங்கள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வாங்குவதென்றால் பெருந்தொகை ஆகும். அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு போன்ற மெல்லிய இழையை ஒரு துண்டு நறுக்கி வைத்து, கேப்பை உரிய அளவுக்கு இறுக்கி, கிராங்கைச் சுழற்றாமல் திரும்பக் கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை அதன் உறையிலுள்ள அளவோடு ஒப்பிட்டால், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சொல்லிவிடும். நம் போன்றவர்களின் உபயோகத்துக்கு இது போதுமானது.

செய்துகொள்ளக்கூடிய கருவிகளுக்கு வருவோம். மாருதி 800 போன்ற சிறிய எஞ்சினின் ஹெட்டிலிருந்து வால்வுகளைக் கழற்றுவதற்கு, எட்டு அங்குலம் வாய் திறக்கும் வார்ப்பிரும்பு அல்லாத ஜி கிளாம்ப் ஒன்றும், சாணளவு இரும்புக் குழாயும் போதும். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் ரிடெய்னர் தட்டின் குறுக்களவை அளந்து, அதன் விளிம்பில் படியக்கூடியதும், நடுவிலுள்ள இரண்டு காட்டர்களையும் தொடாததுமான குழாயைத் தேர்ந்தெடுத்து, இரண்டு அங்குல நீளத்துக்கு அறுத்து, அதன் பக்கங்களில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்களை, மெல்லிய இடுக்கி தாராளமாக நுழையும் அளவுக்கு, ஆக்ஸா பிளேடால் வெட்டி அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாயைக் கிளாம்பின் திருகு முனையிலுள்ள தட்டில் நேராக நிறுத்தி வெல்டிங் வைத்துவிட்டால் கருவி தயார். வெல்டிங் வைப்பவர் சற்றே சாய்த்துவிட்டாலும் அழுத்தும்போது குழாய் நழுவுமாகையால், பக்கத்திலேயே நின்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம்.

உபயோகிக்கும் முறை: கிளாம்பின் நிலையான முனை வால்வின் தலையிலும், குழாய் ரிடெய்னரின் மேலும் இருக்கும்படி மாட்டுவதற்கு முன்னால், பொருத்தமான பாக்ஸ் ஒன்றை ரிடெய்னரின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள், நாள்பட இறுகிப்போயிருக்கும் காட்டர்கள் விட்டுக்கொடுக்கும். பிறகு கிளாம்பைத் திருகத் திருக ஸ்பிரிங் அடங்கி, காட்டர்கள் இரண்டும் ஜன்னல் வழியே தெரியும். திருப்புளி முனையில் சிறிது கிரீஸைத் தடவித் தொட்டால் அவை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பூட்டும்போதும் அதே கிரீஸ்தான் அவற்றை இடத்தில் நிறுத்தும். ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கும் பலம் சாமானியமல்ல என்பதால், கண்ணுக்குக் கண்ணாடி அணியாமலும், முகத்தை நேர்மேலே வைத்துக்கொண்டும் இந்த வேலையைச் செய்ய வேண்டாமென்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஹெட்டை இறக்காமலே வால்வு ஸீலை மட்டும் மாற்ற வேண்டியிருந்தால், வால்வு உள்ளே விழுந்துவிடாமல் தாங்குவதற்குக் காற்று அழுத்தக் கருவி வேண்டுமென்பார்கள். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும் நிலையில், பிரி பிரியாத சுத்தமான நைலான் கயிற்றைப் பிளக் துவாரத்தின் வழியே உள்ளே ஊட்டி, ஒரு முனையை வெளியே விட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பினால், கயிற்றுச் சுருள் வால்வுகளை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளும்.

கிராங்க் புல்லியை இழுக்க மூன்று கால் புல்லரை அதன் விளிம்பில் மாட்டி இழுப்பது, புல்லியின் நடுவில் ரப்பர் வைத்த எஞ்சின்களில் அந்த ரப்பரையே கிழித்துவிடும். புல்லியின் முகத்தில் மறையிட்ட துவாரங்கள் இருந்தால், பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் அந்தத் துவாரங்களுக்கு நேராக இரண்டு துளைகளும் நடுவில் மறையிட்ட ஒரு துளையும் லேத் பட்டறையில் போட்டு வாங்கி, தலையில் 8.8 என்று பொறித்த ஹை டென்சில் போல்ட்டுகளையே அதற்கு உபயோகியுங்கள். நடு போல்ட் கிராங்கின் மறையைக் கெடுக்காதபடி இடையில் ஒரு துண்டு இரும்பை வைப்பது அவசியம். பிளாட்டினம் பாயிண்டு உள்ள அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் டைமிங் வைப்பதற்கு விலையுயர்ந்த டைமிங் லைட்டைத் தேடி அலையவேண்டாம். 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைச் சேர்த்து, ஒன்றை டிஸ்ட்ரிப்யூட்டர் டெர்மினலிலும் மற்றொன்றை எஞ்சின் பாடியிலும் பொருத்தி, இக்னிஷனைப் போட்டுக் கிராங்கைக் கையால் திருப்பினால், பாயிண்டு திறக்கிற அந்தக் கணத்தில் பல்பு எரியும்.

முன்னே குறிப்பிட்ட விலக்குகளை இப்போது சொல்லிவிடுகிறேன். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா முதலிய வண்டிகளின் ஹெட் போல்ட்டுகளுக்கு வேண்டிய பன்னிரண்டு பல் ஸ்பிளைன் பிட், டார்க்ஸ் பிட் ஆகியவற்றில் மலிவு பார்க்கக் கூடாது. மட்டமான பிட் போல்ட்டின் தலைக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டால், அதை எடுப்பதற்கு ஆகும் கூலியில் நல்ல பிட்டுகள் ஒரு செட்டே வாங்கிவிடலாம். பிஸ்டன் ரிங் கம்ப்ரெஸரைத் தகர டின்னை வெட்டி ஹோஸ் கிளிப் மாட்டிச் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்; கடையில் விற்பதே அதிக விலையில்லை, ஒரு ரிங் முறிந்தால் செட்டையே மாற்ற வேண்டிவரும், ஆகவே வாங்கிவிடுவதே விவேகம். எஞ்சினைத் தூக்குவதற்குரிய செயின் பிளாக்கும் முக்காலியும் வாடகைச் சாமான் கடைகளில் நாள் கணக்கில் கிடைக்கும். வீட்டு உத்தரத்தை நம்பி மாட்ட வேண்டாம், தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையையோ காலையோ நீட்டவும் வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலைக்கு ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மனித தேகத்துக்கு மேலே பாரத்தைத் தாங்குகிற எந்தச் சாமானையும் சொந்தமாக வெல்டிங் வைத்துச் செய்துகொள்ள நான் யோசனை சொல்ல மாட்டேன்.

டைமிங் பெல்ட், செயின் ஆகியவற்றைக் கழற்றும்போது கேமையும் கிராங்கையும் பூட்டி நிறுத்தும் பின்கள் விஷயத்தில், வண்டிக்கு வண்டி நியாயம் வேறுபடும். பல்சக்கரத்தில் சாவியும் குறியும் உள்ள எஞ்சின்களில், குறிகளை நேர்ப்படுத்தி, பெயின்டால் அடையாளமிட்டு, பூட்டிய பின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பிக் குறிகள் திரும்பவும் கூடுகின்றனவா என்று பார்த்தால் போதும். சாவியில்லாமல் இறுக்கத்தை மட்டுமே நம்பியிருக்கும் எஞ்சின்களில் அந்த உபாயம் செல்லாது. ஸ்விஃப்ட் முதலான வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சின் அந்த ரகம். ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடுமாகையால், அதற்குரிய செட்டை இரவல் வாங்கும்வரை வேலையை ஆரம்பிக்காமல் இருங்கள்.

வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியவையும் உண்டு. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங், வால்வு சீட் கட்டிங் ஆகிய நான்கும் போரிங் பட்டறைக்கே உரியவை. ஹெட்டை ஃபேஸிங்குக்குக் கொடுக்கும்போது, எவ்வளவு வளைந்திருக்கிறதென்று அளந்து சொல்லும்படி கேளுங்கள்; அவர்களிடம் உள்ள நேர்விளிம்பு நம் வீட்டு ஸ்டீல் ஸ்கேலைவிடப் பன்மடங்கு நம்பகமானது, அளந்து சொல்வதற்குத் தனிக் கூலியும் பொதுவாகக் கேட்பதில்லை.

இரவலைப் பற்றியும் ஒரு சொல் அவசியம். அமெரிக்காவில் ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு சிறப்புக் கருவிகளை இரவல் தருகின்றன, திருப்பிக் கொடுத்ததும் பணத்தையும் திருப்பிவிடுகின்றன. இந்த ஏற்பாடு நம் ஊர்க் கடைகளிலும் வர வேண்டுமென்பது என் ஆவல். அதுவரைக்கும் நமக்கு உதவக்கூடியவர் தெருக்கோடி மெக்கானிக்கே. அவர் சோறு அந்தக் கருவியில் இருக்கிறதென்பதை மறவாமல், அவருக்கு வேலையில்லாத வேளையாகப் பார்த்து, முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாங்கி, திங்கட்கிழமை காலை அவர் பட்டறையைத் திறக்குமுன் துடைத்து எண்ணெய் தடவிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேஸ்கெட்டையும் ஆயிலையும் அவர் சொல்லும் கடையிலேயே வாங்குவதும், போரிங் பட்டறை வேலையை அவர் மூலமாகவே அனுப்புவதும், அவர் செய்த உதவிக்கு ஈடாகும்.

சம்பாதித்த கருவிகளைக் காப்பதும் சிக்கனத்தில் அடங்கியதே. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் ஃபீலர் கேஜின் தகடுகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும். ஒவ்வொரு தகட்டையும் எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கிளிக் மாதிரி டார்க் ரெஞ்சை, வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருகி இறக்கி வைப்பதை ஒருநாளும் மறக்க வேண்டாம். இறுகிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிடும். அதைக் கொண்டு எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. புல்லரையும் வால்வுக் கருவியையும் அக்கம்பக்கத்தார் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். டார்க் ரெஞ்சை மட்டும், கேட்பவர் எவ்வளவு வேண்டியவராயினும், நீங்களே எடுத்துக்கொண்டு போய் இறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.